எட்டேகால் மணிக்கு என்ன நடக்கிறது?

உட்லண்ட்ஸில் இரவு எட்டு மணி என்றால் மன்னார்குடியில் மாலை ஐந்தரை. அம்மா காப்பி குடித்து முடித்து, கைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். சிங்கப்பூருக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் அந்த எட்டு மணியை நான் தவறவிட்ட நாள்கள் குறைவு.

சென்ற ஆண்டு அந்தப் பேச்சு நடுவில் அறுந்துபோகத் தொடங்கியது. அம்மாவின் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நிற்கும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத் திரும்ப அழைப்பேன்.

“உனக்கு வேலை இருக்கும்போல. அப்பறமா பேசலாம்ப்பா.”

“வேலையெல்லாம் இல்லம்மா. லைன் கட்டாயிடுச்சு.”

“சரிப்பா” என்பார். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரியும்.

இதில் எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் வீட்டு ரவுட்டர் கடையில் வாங்கியதில்லை, நானே செய்தது. 2020 ஏப்ரலில் நோய்ப்பரவலை முறியடிக்க எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, எங்கள் நால்வரின் வேலையும் பாடமும் ஒரே இணைப்பில் ஓடின. அப்போது வந்த ஆசை இது. பிறகு சிம் லிம் ஸ்குவேரில் விசிறி இல்லாத சின்னக் கணினி ஒன்றை வாங்கி, அதில் பிஎஃப்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருளை ஏற்றினேன்.

ஃபயர்வால் என்றால் என்ன என்று மகள் கேட்டபோது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைச் சொன்னேன். இங்கிருந்து யார் எங்கே போனார்கள் என்று பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். அவர்களுக்கான பதில் திரும்பி வந்தால் உள்ளே விடும். யாரும் கூப்பிடாமல் வந்து கதவைத் தட்டுபவரைத் திருப்பி அனுப்பிவிடும். “அப்போ நீங்கதான் ஆபீசரா?” என்றாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெருமைதான் முதலில் கண்ணை மறைத்தது. இணைப்பு அறுந்ததும், தவறு நிறுவனத்தினுடையது என்று முடிவு கட்டினேன். அழைத்துப் புகார் சொன்னேன். தொழில்நுட்பர் வந்தார். காலணியை வெளியே தாழ்வாரத்தில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கண்ணாடியிழையில் வரும் ஒளியின் அளவைக் கருவியால் பார்த்தார். “லைன் நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இருந்த முக்கால் மணி நேரமும் இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

மனைவிக்குப் பொறுமை போயிற்று. “பழைய ரவுட்டரையே மாட்டிப் பாக்கலாங்க” என்று, நான் அலுவலகத்தில் இருந்தபோது அவரே மாட்டியும்விட்டார். இரண்டு நாள் ஒரு தடங்கலும் இல்லை. ஆக, குற்றவாளி என் பெட்டிதான் என்று ஆனது.

அடுத்த மூன்று வார இறுதிகள் அதிலேயே போயின. மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். நினைவகச் சில்லை மாற்றினேன். நம் ஊர் வெக்கையோ என்று பெட்டிக்கு ஒரு சின்ன மின்விசிறி வைத்தேன். சனி, ஞாயிறில் நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பித்துவிடும்.

பெட்டி எழுதி வைத்திருந்த பதிவுகளைப் படித்ததில் ஒரு கோளாறு உண்மையாகவே அகப்பட்டது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய, பெட்டி ஓயாமல் ஒரு முகவரிக்கு ‘பிங்’ அனுப்பிக்கொண்டிருக்கும். வேறொன்றை நாம் குறிப்பிடாவிட்டால் அந்த முகவரி நிறுவனத்தின் முதல் வாசல்தான். அந்த வாசலுக்கோ இப்படிப்பட்ட விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வது முதல் வேலை இல்லை. நெரிசல் நேரத்தில் பதில் வராவிட்டால், இணைப்பே போய்விட்டது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். விசாரிக்கும் முகவரியை 1.1.1.1 என்று மாற்றினேன். நள்ளிரவு எச்சரிக்கைகள் நின்றன. எட்டேகால் மணித் தடங்கல் மட்டும் நிற்கவில்லை.

இதற்கிடையே மன்னார்குடியிலிருந்து அடுத்த வீட்டு அக்கா அழைத்தார். “அம்மா கை இப்ப தேவலையா தம்பி? உங்கிட்ட சொல்றேன்னாங்களே” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கட்டுப் போட்டு, தினமும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். உடனே அம்மாவை அழைத்தேன்.

“சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள கட்டாயிடுச்சு. நீ வேலையில இருக்கே, இது என்ன பெரிய விஷயம்னு விட்டுட்டேன்.”

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் மென்பொருளைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு தடங்கலின் நேரத்தையும் பதிவைப் பார்த்து எழுதினேன். காலை 6.40. 7.25. பிற்பகல் 2.50. மாலை 6.45. இரவு 8.15. சனி, ஞாயிறில் அநேகமாக இல்லை. உறவினர்கள் வந்த ஒரு ஞாயிறன்று மட்டும் பதினொரு முறை.

ஒரு வாரம் கழித்து, மேசையில் கிடந்த நோட்டை மகள் எடுத்துப் பார்த்தாள்.

“அப்பா, இது நம்ம டைம்டேபிள்.”

“என்ன சொல்றே?”

“6.40 நான் ஸ்கூலுக்குப் போறேன். 7.25 நீங்க. 2.50 தம்பி வருவான். 8.15 அம்மா வேலையிலேருந்து வருவாங்க.”

இருவரும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம். கதவை ஒட்டிச் செருப்பு அலமாரி. அதன் மேல்தான் கண்ணாடியிழை வந்து சேரும் பெட்டி இருக்கிறது. அங்கிருந்து என் ரவுட்டருக்குப் போகும் கேபிள், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இறங்குகிறது. மகள் அலமாரிக் கதவைத் திறந்து, வழக்கமாகச் சாத்துவதுபோல் சாத்தினாள். அலமாரி ஒரு விரற்கடை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

அந்தக் கேபிளின் முனையைப் பொருத்தியது நான். கத்தரித்துப் பார்த்தபோது, எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கவ்வப்படாமல் இருந்தது. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கே போதும். என் பெட்டியின் திரையில் 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் எப்போதாவது 100 என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் கடந்து போயிருக்கிறேன். கம்பி விலகுவது ஒரு நொடிதான். ஆனால் மறுபடி சேர்ந்ததும் பெட்டி புதிதாக முகவரி கேட்டு வாங்கி, விதிகளையெல்லாம் மீண்டும் ஏற்றும். அதற்குள் அம்மாவின் முகம் உறைந்துவிடும்.

பழைய ரவுட்டர் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடியது? மனைவி அதை அலமாரியின் மேலேயே வைத்து, அதோடு வந்த குட்டைக் கேபிளைச் செருகியிருந்தார். ரவுட்டரோடு கேபிளும் மாறியதை நான் கவனிக்கவே இல்லை. தொழில்நுட்பர் வந்த அன்று ஏன் அறுந்துபோகவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர் காலணியை அலமாரியில் வைக்கவில்லையே.

உங்கள் வீட்டிலும் இப்படித் தொல்லை இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில் கணினியைக் கேபிள் வழியாக இணைத்துப் பாருங்கள். போவது வைஃபையா, இணைப்பேவா என்று தெரிந்துவிடும். நேரத்தை எழுதி வையுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விலை குறைந்த பொருளை முதலில் சந்தேகப்படுங்கள். நான் கடைசியாக வாங்கியது சில வெள்ளி பெறும் ஒரு கேபிள். அதை இப்போது சுவரோரமாக, யார் காலும் கதவும் படாத உயரத்தில் ஓட்டியிருக்கிறேன்.

அன்று எட்டு மணிக்கு அம்மாவை அழைத்தேன். எட்டேகாலுக்கு மனைவி உள்ளே வந்தார், அலமாரிக் கதவு ‘டக்’கென்று சாத்தியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா பேசிக்கொண்டே இருந்தார்.

“என்னடா, பேச்சையே காணோம்?”

“ஒண்ணுமில்லம்மா. கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டு, பாக்கறேன்.”