ஆட்டின் பக்கம்

ஆடு புலி ஆட்டத்தில் காசு சுண்டி ஜெயிப்பவன் புலியைத்தான் கேட்பான். தோற்றவனுக்கு ஆடு. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பண்ருட்டியில் இதற்கு விலக்கை நான் பார்த்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணும் பொங்கலன்று எங்கள் பக்கத்துத் தெரு இளைஞர்கள் ஒரு போட்டி நடத்தினார்கள். பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தோம். தோற்றவர் விலக, ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவது என்று ஏற்பாடு. காசில் ஜெயித்தாலும் நான் ஆட்டையே எடுத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "அப்புறம் எதுக்குண்ணா காசு சுண்டணும்?" என்றான் ஒரு பையன். நியாயமான கேள்வி. என் ஆட்டங்களை மட்டும் காசு சுண்டாமலே தொடங்கினார்கள்.

இதில் கருணை ஒன்றும் இல்லை. எளியவர் பக்கம் நிற்கிறேன் என்ற பாவனையும் இல்லை. அப்படி நிற்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எனக்கு ஆடுகளை வைப்பதில் ஒரு யோசனை இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மறந்துபோனவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முக்கோணம், அதன் உச்சியிலிருந்து இறங்கும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள். மொத்தம் 23 சந்திப்புப் புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. புலிகள் முதலிலேயே களத்தில் இருக்கும். ஆடுகளை முறைக்கு ஒன்றாக வைக்க வேண்டும். 15 ஆடுகளும் இறங்கும்வரை வைத்த ஆடு வைத்த இடத்திலேயே இருக்கும். புலிகளோ முதல் முறையிலிருந்தே நகரும். ஆட்டுக்கு அப்பால் நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி அதைத் தாண்டி வெட்டும். ஆடு யாரையும் வெட்டாது. மூன்று புலிகளும் அசைய முடியாமல் போனால் ஆடு ஜெயித்தது. புலிக்கு வெட்டு, ஆட்டுக்குக் கட்டு. அன்றையப் போட்டியில் ஐந்து ஆடுகள் போனால் புலிக்கு வெற்றி என்று வைத்துக்கொண்டார்கள்.

சதுரங்கத்தோடு ஒப்பிட்டால் இதன் விசித்திரம் தெரியும். சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒரே சேனை. நிறம்தான் வேறு. அங்கே மரபை மீறுகிறவன் மீறுவது காய்களை நகர்த்தும் வரிசையை மட்டுமே. 1980இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில், அன்றைய உலகச் சாம்பியன் கார்ப்பவுக்கு எதிராக இங்கிலாந்தின் டோனி மைல்ஸ் தம் முதல் நகர்வில் ராணிப் பக்கத்துக் கோடிச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார். பாடப் புத்தகம் படித்த எவரும் செய்யாத காரியம். ஆட்டத்தை ஜெயித்தார். பெரிய மீறல்தான். ஆனால் அவரிடமும் இருந்தவை அதே பதினாறு காய்கள். சேனையையே மாற்றிப் பார்த்தவர் டன்சனி பிரபு. மாயக்கதைகள் எழுதிய ஐரிஷ் எழுத்தாளர், நல்ல சதுரங்க ஆட்டக்காரரும்கூட. 1942இல் அவர் கற்பித்த ஆட்டத்தில் ஒரு பக்கம் வழக்கமான பதினாறு காய்கள். எதிர்ப்பக்கம் 32 சிப்பாய்கள், வேறெதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இது ஒரு மேதையின் விளையாட்டுத்தனம் என்று குறிக்கப்படுகிறது. நம் கோயில் மண்டபத் தரைகளில் இந்த யோசனை கல்லில் வெட்டிக் கிடக்கிறது. வெட்டியவன் பெயர் தெரியாது.

ஆட்டுப் பக்கம் பலவீனமானது என்பதும் ஒரு நம்பிக்கைதான். நேபாளத்தில் இதற்கு உறவான ஆட்டம் 'பாக் சால்'. அங்கே 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் அது சமனில்தான் முடியும் என்று 2007இல் கணினியைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். நம் பலகைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் பல் இல்லாத ஒரு சேனை பல் உள்ள சேனைக்கு ஈடு நிற்கக்கூடும் என்பது கணக்காகவே தெளிவாகிவிட்டது.

பிள்ளையார் கோயில் வாசல் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பலகை வரைந்திருந்தார்கள். காய்கள் எங்கள் ஊர்க் காய்கள். போன பருவத்துப் பலாக்கொட்டைகள், கெடாமல் இருக்கச் செம்மண்ணில் புரட்டி வைத்தவை, புலிகள். உடைக்காத முந்திரிக்கொட்டைகள் ஆடுகள். முதல் மூன்று சுற்றுகளும் எனக்குச் சிரமமாக இல்லை. எதிரில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வெட்டுவதற்காகவே புலியைக் கேட்டு வாங்கியவர்கள். ஓர் ஆட்டைத் துணையில்லாமல் வைத்தால் போதும், வெட்டிவிட்டு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்ப்பார்கள். கூட்டம் கைதட்டும். அந்தப் புலி எந்த மூலையில் போய் இறங்கியிருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. அதைச் சுற்றி ஒரு வரிசை, அந்த வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை; முதல் வரிசையைத் தாண்டி இறங்க இடமில்லை. ஆட்டுக்குக் காவல் இன்னொரு ஆடுதான்.

இந்த இடத்தில் திருவதிகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரின் யுத்தக்கதை அதுதான். அட்டவீரட்டங்களில் ஒன்று; திரிபுரம் எரித்த தலம். பூமி தேர், சூரியனும் சந்திரனும் சக்கரங்கள், வேதங்கள் குதிரைகள், பிரம்மா சாரதி, மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. கற்பனையில் இதைவிடப் பெரிய சேனையை யாரும் கூட்டியதில்லை. எல்லாம் தயாரான பிறகு, எங்கள் உதவியில்லாமல் இவரால் ஆகுமா என்று தேவர்கள் நினைத்தார்களாம். சிவன் சிரித்தார். சிரிப்பிலேயே மூன்று கோட்டைகளும் எரிந்தன. இதே கோயில், கர்நாடகப் போர்களின்போது 1750களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்த கோட்டையாகவும் இருந்தது. அவர்களுக்குப் பீரங்கி தேவைப்பட்டது. சிரிப்பு போதவில்லை.

நம் விமர்சனத்தில் பாதி இந்தத் திரிபுரச் சிரிப்புதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு ஜனரஞ்சக நாவலை எடுத்துக்கொண்டு நான்கு பக்கம் நகைத்துவிட்டால் கோட்டை எரிந்துவிட்டதாக நினைப்பு. எரியவில்லை. கோட்டைக்குள் இருப்பவர்களுக்கு நாம் சிரித்த சத்தமே கேட்டிருக்காது. நானூறு பிரதி அச்சிட்டு நூற்றைம்பது பிரதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நாம் சிவனும் இல்லை.

மற்றப் பாதி தியாகம். இது இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் இது அழகாக இருக்கிறது. ஆட்டுப் பக்கம் உட்காரும் இலக்கியக்காரனுக்குத் தன் ஆடுகள் வெட்டுப்படுவதில் ஓர் இன்பம் உண்டு. நகையை அடகு வைத்துப் பத்திரிகை நடத்தியதை, நான்காவது இதழோடு அது நின்றதை, யாரும் வாங்காததை அவன் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்தத் தழுதழுப்பில் ஒரு திருப்தியும் இருக்கும். வெட்டுப்பட்டதாலேயே தன் ஆடு நல்ல ஆடு என்று அவன் நிரூபித்துவிடுகிறான். ஆட்டத்தின் கணக்கு அப்படி இல்லை. 15 ஆடுகளும் இறங்கினால் பலகையில் காலியிடம் 5. ஒவ்வொரு ஆடு போகும்போதும் புலிக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கிறது. பலியான ஆடு எதையும் நிரூபிப்பதில்லை; புலிக்கு நடமாட வழி விடுகிறது. அவ்வளவுதான்.

இறுதிச் சுற்றில் எதிரில் உட்கார்ந்தவர் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர். எங்கள் கிளைக்கு நகைக்கடனுக்காக வருகிறவர், முகம் தெரியும். உட்காரும்போதே, "பேங்குல புலி, இங்க வந்து ஆடாயிட்டீங்களா சார்?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும்தான்.

அவர் ஆடிய புலி வேறு மாதிரி. பத்தாவது ஆட்டை வழக்கம்போல் துணையில்லாமல் வைத்தேன். வெட்டினால் புலி வலப்பக்க மூலையில் இறங்கும். அடுத்த மூன்று ஆடுகளில் கட்டிவிடலாம். அவர் அதைப் பார்த்தார். வேறொரு புலியை ஒரு புள்ளி பின்னால் இழுத்துக்கொண்டார். "வெட்டுங்க தாத்தா" என்று பையன்கள் கத்தினார்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்று விதி இல்லை. "பசிக்கலியேடா" என்றார்.

புலியின் பசிதான் என் படைக்கலம் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு ஸ்தூலமாகத் தெரிந்தது. பசியில்லாத புலிக்கு எதிரே தியாகத்துக்கு அர்த்தமே இல்லை. தின்னப்படவும் இல்லாமல், உதவவும் இல்லாமல் அந்த ஆடு அங்கே வெறுமனே நின்றது. இன்று நம் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். வணிகப் பத்திரிகைகள் நம்மைத் தாக்கிய காலம் ஒன்று இருந்தது. அப்போது நமக்கு எதிரி இருந்தான், ஆகவே உருவமும் இருந்தது. இப்போது யாரும் நம்மை வெட்டுவதில்லை. பசிக்கவில்லை.

பொறி வைக்கும் யோசனையைக் கைவிட்டு, மீதி ஐந்து ஆடுகளையும் நெருக்கி நெருக்கி வைத்தேன். பெரியவர் அவசரப்படவில்லை. "ஆடு வைக்கிறது கன்னு வைக்கிற மாதிரிதான் சார். வச்ச பிற்பாடு எடம் மாத்த முடியாது" என்றார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது இந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அவருடைய தோப்பும் போயிற்று. மறுபடியும் கன்று வைத்து, காய்க்கும்வரை காத்திருந்தவர். காத்திருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அவரே இடம் பார்த்து இரண்டு ஆடுகளை வெட்டினார். நான் கொடுத்தவை அல்ல அவை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. தெருக்கோடியில் உறியடி தொடங்கியதும் கூட்டம் அங்கே போய்விட்டது. காசு எதற்குச் சுண்ட வேண்டும் என்று கேட்ட பையன் மட்டும் இருந்தான். ஆடு ஜெயிப்பதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே காரணம். புலி வெட்டும்போது ஒரு காய் களத்தை விட்டுப் போகிறது, கை உயர்கிறது, சத்தம் வருகிறது. ஆடு கட்டும்போது ஒரு முந்திரிக்கொட்டை ஒரு புள்ளி தள்ளி உட்காருகிறது. அப்படித்தான் அந்த ஆட்டமும் முடிந்தது. பெரியவர் மூன்று பலாக்கொட்டைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "கட்டிப்புட்டீங்க சார்" என்றார்.

அடுத்த வாரம் அவர் கிளைக்கு வந்தார், நகைக்கடனுக்கு வட்டி கட்டி மறுபடி அடகு வைக்க. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். அவர் கேலியாகச் சொன்னதுபோல் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் புலியா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. வட்டி விகிதத்தை நான் தீர்மானிப்பதில்லை, சீட்டில் எழுதுகிறேன். பலகையில் யாரோ வைத்த இடத்தில் நானும் ஒரு கொட்டை. அவரும் அப்படியே. அன்று அவர் கையில் புலி இருந்ததும் என் கையில் ஆடு இருந்ததும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு மட்டும்தான். ஆட்டுப் பக்கத்தை எடுத்துக்கொண்டதாலேயே ஒருவன் ஆடு ஆகிவிடுவதில்லை. இதை நம் முற்போக்கு நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

வெட்டாமல் கட்டிய ஒரு சேனைக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 ஜனவரியில் தொடங்கி 1970இல் நின்றது. 119 இதழ்கள். அதை நாம் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அவர் புத்தகங்களைச் சுமந்து ஊர் ஊராகப் போனதைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். அந்தக் கலக்கத்தில் 119 என்ற எண் மறைந்துபோகிறது. ஒவ்வொரு இதழும் ஒரு புள்ளியில் வைத்த ஓர் ஆடு. வைத்தபின் அதை மாற்ற முடியாது. 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தபோது கவிதைக்கு யாப்பு கட்டாயம் என்று வாதாடியவர்களை யாரும் வெட்டவில்லை. அவர்கள் நகர்வதற்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பார்த்தால் இடமே இல்லை. அந்த நாள் எது என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உறியடிக்குப் போயிருந்தார்கள்.

ஆகவே சிரிப்பையும் தியாகத்தையும் விட்டுவிட்டு, காலியாக இருக்கும் புள்ளிகள் எவை என்று பார்ப்பது நல்லது. தமிழில் காலிப் புள்ளிகள் ஏராளம். நல்ல மொழிபெயர்ப்பு இல்லாத ஒரு கவிஞர், யாரும் இன்னும் சரியாகப் படிக்காத ஒரு சிறுகதைத் தொகுப்பு, பண்ருட்டியைப் பற்றி எழுதப்படாத ஒரு கட்டுரை. ஒன்றை வைக்கலாம். அதற்குப் பின்னால் துணையாக இன்னொன்றையும் வைக்க வேண்டும்.