மூன்றாம் மிதிகட்டை

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருப்பவன் ஊருக்கெல்லாம் விடை சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். மம்பாவ் கடைத்தெருவில் தேநீர் அருந்த நின்றாலும் யாரேனும் ஒரு தோழர் வந்துவிடுகிறார். "உலகமெல்லாம் கைக் கியரை விட்டுத் தானியங்கிக்குப் போகிறது, நீங்கள் மட்டும் தானியங்கியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைக் கியர் வைத்தீர்களாமே, ஏன்?" என்று வினவுகிறார். முற்போக்குப் பேசுகிறவன் தன் வண்டியை மட்டும் பின்னோக்கித் திருத்திக்கொண்டான் என்னும் கேலியும் அக்கேள்வியில் கலந்திருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்லிவந்த காரணம் ஒன்று. உள்ளத்தில் இருந்த காரணம் வேறொன்று. அதனால் விளைந்ததோ மூன்றாவது ஒன்று.

வண்டி 1982-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 200. 123 என்று எண்ணிட்ட வரிசையைச் சேர்ந்தது. 1976 முதல் 1985 வரை அவ்வரிசையில் ஏறக்குறைய 27 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. நான் வாங்கியபோதே அதற்கு இருபத்தைந்து வயது ஆகியிருந்தது. முன்னர் ஒரு தோட்டத்து மானேஜர் வைத்திருந்த வண்டி என்று விற்றவர் சொன்னார். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நான் விலை பேசுவதை நிறுத்திவிட்டேன் என்பதை இன்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. துரைமார் ஏறிச் சென்ற வண்டியின் புழுதியை லயத்து வாசலில் நின்று விழுங்கிய பிள்ளைகளுள் நானும் ஒருவன்.

என் தந்தையார் தோட்டத்து லோரி ஓட்டுநர். பால் தோம்புகளை ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் அவர் வரும்போது, லோரி கண்ணுக்குத் தெரியுமுன்னே கியர் மாறும் ஓசை வந்துவிடும். ஓடுகிற இரண்டு பற்சக்கரங்களைச் சண்டையின்றிச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு 1928-இலேயே அமெரிக்கக் காடிலாக் வண்டியில் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்து லோரிக்கு அந்த நாகரிகம் எட்டவில்லை. கிளட்சை மிதித்துக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, இஞ்சினைச் சிறிது உறுமச் செய்து, மீண்டும் மிதித்துக் கீழ்க் கியரில் தள்ளவேண்டும். வேகம் ஒவ்வாவிட்டால் பற்கள் நறநறவென்று கடித்துக்கொள்ளும். தந்தையார் கியர்த் தடியைப் பார்த்ததேயில்லை, காதால்தான் ஓட்டினார். எழுத்தறியாதவர் என்று கிராணிமார் எள்ளிய அம்மனிதர், எந்த நொடியில் எந்தச் சக்கரம் எவ்வளவு சுழல்கிறது என்பதைக் கணக்கின்றிக் கணக்கிட்டவர். அதைக் கல்வி என்று அன்று எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளியே சொல்லிவந்த காரணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2022-இல் குவாலா பிலாவுக்குப் போகையில், புக்கிட் புத்துஸ் பழைய மலைச்சாலையின் ஏற்றத்தில் இஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. தானியங்கியின் எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசிற்று. குற்றம் வண்டியுடையதன்று. அந்த எண்ணெயைக் காலத்தில் மாற்றவேண்டும் என்பதைப் பல்லாண்டு மறந்திருந்தவன் நானே.

தானியங்கியின் தத்துவம் எளிது. ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே ஓடாத விசிறி ஒன்றை வைத்தால், காற்றின் வேகத்தால் இரண்டாவதும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று கொள்க. ஜெர்மானியப் பொறியறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பல்களுக்கென்று 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. 1940-ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபீல் வண்டியில் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் பெயரோடு கிளட்ச் மிதி இல்லாத கியர்ப்பெட்டி வந்தது. எண்ணெயின் பின்னே உராய்வுத் தட்டுகள் பல அடுக்கடுக்காக இருக்கின்றன. எண்ணெய் கெட்டால் தட்டுகள் கருகும். தட்டுகள் கருகினால் பிடிப்பில்லை. என் வண்டிக்கு நேர்ந்தது அதுவே.

அப்பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கப் பட்டறைத் தவுக்கே சொன்ன தொகை வண்டியின் விலைக்கு அருகில் நின்றது. அதே வரிசையைச் சேர்ந்த கைக் கியர்ப்பெட்டியோ 'போத்தோங்' கடையில், அதாவது பழைய வண்டிகளை அறுத்து உதிரி விற்கும் இடத்தில், அதில் பாதிக்கும் குறைவான வெள்ளிக்குக் கிடைத்தது. சிக்கனமே காரணம் என்று வீட்டில் சொன்னேன். நம்பினார்கள். இடக்காலில் ஒரு மிதிகட்டையும் கையில் ஒரு தடியும் இருந்தால் தந்தையாரின் கைத்தொழில் என் கைக்கு வந்துவிடும் என்று நான் எண்ணியதை யாரிடமும் சொல்லவில்லை.

வேலை மூன்று வாரம் நடந்தது. பெட்டியை இறக்கிப் பெட்டியை ஏற்றுவது மட்டுந்தானே என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அகலமான பிரேக் மிதி போய்க் குறுகிய மிதியும் கிளட்ச் மிதியும் வரவேண்டும். கிளட்சுக்கு மேலே ஓர் எண்ணெய் உருளை, கீழே ஓர் உருளை, இடையே குழாய் அமைக்கவேண்டும். இஞ்சினின் சுழல்தண்டு முனையில் கைக் கியரின் தண்டைத் தாங்கும் சிறு பேரிங் ஒன்று இருக்கவேண்டும். தானியங்கி வண்டிக்கு அது வேண்டாததால் எங்கள் வண்டியில் அந்தக் குழி வெறுமையாய் இருந்தது. பின்சக்கரத்துக்குச் செல்லும் நீள்தண்டின் முன்பாதியும் அளவு ஒவ்வவில்லை. ரேடியேட்டருக்குச் சென்ற எண்ணெய்க் குழாய்களை அடைக்கவேண்டியிருந்தது. இவையெல்லாம் பணத்தால் தீர்ந்தன.

பணத்தால் மட்டும் தீராதது பறக்குஞ்சக்கரம். தானியங்கிக்கு இஞ்சினின் பின்னே ஒரு மெல்லிய தட்டே போதும். கைக் கியருக்குக் கனத்த இரும்புச் சக்கரம் வேண்டும். இவ்வகை இஞ்சினில் சுழல்தண்டையும் அதன் பின்னுள்ளதையும் சேர்த்தே எடைச்சமன் செய்கிறார்கள். வேறொரு வண்டியின் சக்கரத்தை அப்படியே பூட்டினால் சமன் கெடும். பட்டறையில் அப்படியே பூட்டினார்கள். வண்டி வேகமெடுத்ததும் கண்ணாடிகள் நடுங்கின. என் பல்லும் நடுங்கியது. ஓர் அன்பர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் புறப்பட்டதன் பயன் இது என்று விளக்கினார். எலுமிச்சம்பழம் இரும்பில் துளைபோடாது என்று விடை கூறிவிட்டு, சிரம்பானில் கடைசல் வேலை செய்யும் ஒருவரிடம் பழைய தட்டையும் புதிய சக்கரத்தையும் கொண்டு சென்றேன். அவர் பழையதைச் சுழற்றி அதன் கனக்கோணல் எப்பக்கம் எவ்வளவு என்று அளந்தார். புதியதிலும் அதே இடத்தில் அதே கோணல் அமையும்படி சில துளைகள் இட்டார். நடுக்கம் நின்றது. வண்டியில் செய்த மாறுதலைச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் காப்புறுதிக் கழகத்துக்கும் எழுதித் தெரிவித்தேன். "யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று கேட்ட தவுக்கேக்கு என் மேல் சற்று வருத்தந்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தானியங்கி வண்டி, தடி நிறுத்தநிலையிலோ நடுநிலையிலோ இருந்தாலன்றி உயிர்பெறாது. அதற்கென ஒரு காவல் விசை உண்டு. மாற்றும்போது அவ்விசையின் கம்பிகளை ஒன்றாகப் பிணைத்துவிடுகிறார்கள். காவல் போயிற்று. முதல் வாரத்திலேயே கியரில் நின்ற வண்டியை நான் மறதியாக முடுக்க, அது ஒரு முழம் பாய்ந்து முருங்கை மரத்தில் முட்டியது. மகள் சற்று முன்னர்தான் அவ்விடத்தை விட்டு உள்ளே சென்றிருந்தாள். மரம் ஒடிந்தது. துணைவியார் ஒன்றும் பேசாமல் கீரையை உருவி எடுத்துக்கொண்டு போனார்.

இனி மூன்றாவது. இந்நாட்டில் 2014 முதல் தானியங்கி வண்டி மட்டும் ஓட்டுவோர்க்கு டிஏ என்றொரு உரிமம் தனியே வழங்குகிறார்கள். டி உரிமம் பெற்றவர் இருவகையும் ஓட்டலாம், டிஏ பெற்றவர் கைக் கியரைத் தொடக்கூடாது. 2017-இல் என் மகள் ஓட்டப் பழகச் சென்றபோது, எது வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். அவள் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: "பெண்பிள்ளைக்குத் தானியங்கி போதும்." பெரியார் 1929-இலும் 1954-இலும் இம்மண்ணுக்கு வந்து பேசியதை ஆண்டுதோறும் மேடையேறி எடுத்துச் சொல்லுகிறவன் நான். அன்று அச்சொல் என் வாயிலிருந்து மூச்சுப்போல் இயல்பாக வந்தது. அதை நான் கவனிக்கவுமில்லை.

ஐந்தாண்டு அவள் அந்த வண்டியை ஓட்டினாள். கடைக்கும் மருத்துவ நிலையத்துக்கும் தாயை அழைத்துச் சென்றவள் அவளே. கியரை மாற்ற முடிவு செய்தபோது அவளை நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வண்டி என்னுடையதல்லவா!

2023-இல் ஓரிரவு நான் ரந்தாவில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். நண்பரின் வண்டியில் சென்றிருந்தேன். துணைவியாருக்கு மூச்சிரைப்பு கண்டது. வண்டி வாசலில் நின்றது; சாவி ஆணியில் தொங்கிற்று; மகள் இருந்தாள். ஓட்ட உரிமையுமில்லை, பழக்கமுமில்லை. அவள் வேலியைத் தாண்டி ஓடிப் பக்கத்து வீட்டு மலாய் அன்பரை எழுப்பினாள். அவர் கைலியோடு வந்து தம் வண்டியில் இருவரையும் சிரம்பான் மருத்துவமனையில் சேர்த்தார். நான் போய்ச் சேர்ந்தபோது துணைவியார் உயிர்வாயு முகமூடியோடு கண் விழித்திருந்தார். மகள் என்னைப் பார்த்து, "அப்பா, வண்டி வீட்டில்தான் இருந்தது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இதைவிட வன்மையான கண்டனத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

வண்டியை மீண்டும் தானியங்கியாக்குகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்; டி உரிமத்துக்குத் தானே பழகிக்கொள்வதாகச் சொல்லிப் பயிற்சிப் பள்ளியில் பதிந்துகொண்டாள். ஞாயிறுதோறும், அனுமதி பெற்று, மம்பாவை அடுத்த ஒரு தோட்டத்தின் உட்சாலையில் எங்கள் வண்டியிலும் பழகினாள். என் சிறுவயதில் இரப்பர் நின்ற இடமெல்லாம் இன்று செம்பனை. மண் மட்டும் அதே செம்மண்.

முதல் நாள் பதினொரு முறை வண்டி நின்றுபோயிற்று. நான் பக்கத்தில் அமர்ந்து, "இப்போது விடு, இப்போது மிதி, பார்த்து மாற்று" என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் முறை அவள் இஞ்சினை அணைத்துவிட்டு, "அப்பா, நீங்கள் சற்றுப் பேசாதிருந்தால் வண்டி சொல்லுவது எனக்குக் கேட்கும்" என்றாள்.

நான் இறங்கிச் சாலையோரம் நின்றேன். வண்டி திணறிப் புறப்பட்டுச் செம்பனை வரிசைக்குள் மறைந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஓசை மட்டும் வந்தது. வளைவில் இஞ்சின் ஒருமுறை உறுமித் தணிந்தது, மூன்றாவது இரண்டாவதாயிற்று. பற்கள் கடிக்கவில்லை.

தேர்வு அடுத்த மாதம். கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் மாற்றவேண்டிய நாளை நாட்காட்டியில் அவளே சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறாள்.