முதுகில் எடுத்த நீர்

2016ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில் என் மூத்த மகனுக்குக் காலைத் தலைவலி தொடங்கிற்று. அப்போது அவனுக்கு எட்டு வயது. சுப்ஹுக்கு எழுந்தவுடன் தலையைப் பிடித்துக்கொள்வான். ஒருமுறை வாந்தி எடுத்தால் வலி சற்று அடங்கும். ஸஜ்தாவில் நெற்றியை வைத்தால் வலிக்கிறது என்று அவன் சொன்னபோது, தொழச் சோம்பல் என்று கடிந்துகொண்டேன். அதற்காக இன்றளவும் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்ணேறு என்றார்கள் மாமியார். ஓதிப் பார்த்தோம். நடை தள்ளாடிய பிறகே ஸ்கேன் எடுத்தோம். சிறுமூளையில் கட்டி, மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர் சொன்னார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்ட வேளையில், முதுகையும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், இரு வாரங்கள் கழித்து இடுப்பில் ஊசி வைத்து நீரும் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

"நோவு தலையில் இருக்க, முதுகை ஏன் குத்த வேண்டும்? முதுகில் நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும்" என்று உறவினர் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். என் கணவரும் கையொப்பமிடத் தயங்கினார்கள்.

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளில் படம் வரைந்து விளக்கினார். மூளைக்குள் இருக்கும் அறைகளில் வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் சுரக்கிறது. அது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்தோடி இரத்தத்தில் கலக்கிறது. அந்நீர் வெளியேறும் வழியை ஒட்டியே இக்கட்டி பெரும்பாலும் முளைக்கிறது. வழி அடைபடுவதால் தலைவலி. கட்டியிலிருந்து உதிரும் அணுக்களோ, வாய்க்காலில் மிதந்து வரும் களை விதைகளைப் போலக் கீழிறங்கித் தண்டுவடத்தின்மேல் ஒட்டி வளரும். நோய் கண்டறியப்படும்போதே மூன்று குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படிப் பரவியிருக்குமாம். தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்கும் கீழேதான் செல்கிறது.

என் கணவர் கையொப்பமிட்டார்கள்.

படத்தில் முதுகில் இரு சிறு புள்ளிகள் தெரிந்தன. நீரிலும் அணுக்கள் இருந்தன. பரவாதிருந்தால் தலைக்கும் முதுகுக்கும் 23.4 கிரே கதிர் போதும் என்றும், இனி 36 கிரே தர வேண்டும் என்றும் கூறினார். அந்த அளவில் முதுகெலும்பின் வளர்ச்சி குன்றும் என்பதையும் மறைக்கவில்லை. உயரமா, உயிரா என்று யோசிக்க எங்களுக்கு என்ன இருந்தது? ஆறு வாரங்கள் கதிர். பின்னர் மாதக்கணக்கில் மருந்து. கதிர் அறையின் கதவு மூடும்போதெல்லாம் வெளியே தஸ்பீஹுடன் அமர்ந்திருந்தேன். அந்தக் கதவின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்று அவன் கல்லூரி செல்லும் வயதினன். நான்கு வயது இளைய தம்பியின் தோளுக்குத்தான் இருக்கிறான். சென்ற பெருநாளுக்கு இருவருக்கும் ஒரே அளவில் ஜிப்பா வாங்கி வந்துவிட்டார்கள் என் கணவர். மூத்தவன் அணிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். கீழ்விளிம்பை மடித்து நான்கு விரற்கடை குறைத்துத் தைத்தேன். கை நீளம் சரியாகவே இருந்தது.