அப்புச்சி பார்த்த இரண்டாவது சீசன்

ஆண்டு மலரில் கார்ட்டூனைப் பற்றியா என்று சிரிக்காதீர்கள்.

2021 ஜனவரி 29-ல் ஹாட்ஸ்டாரில் ‘தி லெஜண்ட் ஆஃப் ஹனுமான்’ வந்தது. 13 எபிசோடுகள், தமிழிலும் உண்டு. பொள்ளாச்சியில் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக் காட்டினேன். மூன்றாவது எபிசோடிலேயே எழுந்துவிட்டார்.

“ஏங்கண்ணு, அனுமாரு எப்பத்தான் கெளம்புவாரு?”

நியாயமான கேள்விதான். தன் பலத்தைத் தானே அறியாதவன் அனுமன். அதை அவன் உணரவே அந்த சீசனில் பெரும்பகுதி போய்விடுகிறது. எனக்கும் இழுவையாகத்தான் பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ல் இரண்டாவது சீசன். இப்போது கடலைத் தாண்ட வேண்டும், எதிரில் இலங்கை! அனுமனுக்கு ஒரு வேலை வந்ததும் கதைக்கே கால் முளைத்துவிட்டது. கம்பரிலும் சாம்பவான் பலத்தை நினைவூட்டுவது கிட்கிந்தா காண்டத்தின் கடைசியில். தாவுவது சுந்தர காண்டத்தில்தான்.

அப்புச்சிக்கு அப்போது கண்ணில் புரை. ஆபரேஷன் என்றாலே, “வேண்டாஞ் சாமி” என்று தள்ளிப்போட்டு வந்தார். அன்று செல்போனை மூக்கருகே பிடித்துக்கொண்டு எபிசோடு எபிசோடாகப் பார்த்தவர், திடீரென்று கேட்டார்:

“மங்கலாத் தெரியுது கண்ணு. ஆசுபத்திரிக்கு எப்பப் போலாம்?”

வீடே திகைத்தது!

2024 ஜனவரியில் மூன்றாவது சீசனைத் திண்ணையில் சாய்ந்தபடி தெளிவாகப் பார்த்தார். பிறகு, “மொதல்ல வந்ததையும் போடு. அப்ப எனக்குக் கண்ணு செரியில்ல” என்றார்.

போட்டேன். மூன்றாவது எபிசோடில் மறுபடியும் எழுந்துவிட்டார்!