குண்டு போன தூரமும் கால் போன தூரமும்

முதுகில் ஒரு பை, கையில் ஒரு தடி, பக்கத்தில் வாழ்க்கைத் துணை: இந்த மூன்றை மட்டும் நம்பித் தேசாந்தரம் புறப்படும் தம்பதிகள் இப்போது உலகத்தில் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் தென் அமெரிக்காவைத் தேடிப் போகிறார்கள். அங்கே ஆண்டீஸ் மலைத்தொடர் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. பெரு தேசத்தில் கோல்கா என்னும் மலைப்பிளவு 3,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ளது. அவற்றையெல்லாம் காலால் அளந்துவிட்டு வருகிறவர்களை மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஆண்டீஸ் வரையில் போவதற்குக் கைப்பொருள் இல்லாதவர்கள் என்ன செய்வது? கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நடக்கலாம் என்று என் சகதர்மிணி தீர்ப்புச் சொன்னாள்.

"அந்த வழியில் மலை ஏது?" என்று கேட்டேன்.

"ஏன், கேப்பர் மலை இருக்கிறதே! மலை என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள்?" என்றாள்.

ரயிலிலோ பஸ்ஸிலோ ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரந்தான். நாங்கள் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு, தை மாதக் குளிரில் நான்கு நாள் நடந்தோம். மாற்றுத் துணி, தண்ணீர், அவல், வெல்லம், ஒரு குடை ஆகியவற்றைத் தவிர வேறு சுமை இல்லை. அதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

யாத்திரை தேவனாம்பட்டினத்தில் தொடங்கிற்று. வெள்ளிக் கடற்கரை என்று புகழ் பெற்ற மணல்வெளிக்கு அருகில், கெடில நதிக் கரையில், செயிண்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடம் இந்தக் கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் விலைக்கு வாங்கினார்கள். கோட்டை மட்டுமல்ல, அங்கிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்து நிலமும் அவர்களுக்கே என்பது உடன்படிக்கை. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நாலா திசையிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களெல்லாம் ஒரே நாளில் கம்பெனிக்குச் சொந்தமாயின. உழுதவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரும், குண்டு சாலை என்ற சாலைப் பெயரும் அந்த விந்தையான கிரயத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, தென்னாட்டில் ஆங்கிலேயருக்கு இந்தக் கோட்டையே தலைமையிடமாயிற்று. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். குண்டினால் அளந்து எடுத்த கோட்டை குண்டினாலேயே போயிற்று!

நிலத்தை அளப்பதற்குக் குண்டைத் தவிர வேறு அளவுகோல் ஒன்றும் இந்த ஊரில் உண்டு. திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் இடம் இருக்கிறது. பல்லவ அரசன் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்த திருநாவுக்கரசர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறிய இடம் அது என்பது ஐதீகம். கரையேறிய பெரியவர் கையில் உழவாரப் படையுடன் தமிழ்நாடு முழுவதும் நடந்தார். கோயில் தோறும் புல்லைச் செதுக்கி, பாதையைச் சீர்ப்படுத்தினார். அவருடைய காலடி பட்ட நிலம் எவரிடமிருந்தும் பறித்ததன்று.

பிற்பகலில் கேப்பர் மலை ஏறினோம். மலை என்ற பெயரைத் தாங்கிய செம்மண் மேடு அது. பூகோள சாஸ்திரிகள் கடலூர் மணற்கல் என்று அழைக்கும் பாறை இங்கே வெளியே தலைகாட்டுகிறது. மழை நீர் அறுத்த சிவந்த ஓடைகளைக் காட்டி, "இதோ உங்கள் கோல்கா!" என்றாள் என் மனைவி. ஆழம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இராது. ஆனால் மலைச் சிறையின் மதிலைக் கண்டபோது சிரிப்பு அடங்கிவிட்டது. பத்தாண்டுக் காலம் புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியார், 1918 நவம்பர் 20-ஆம் தேதி பிரிட்டிஷ் எல்லைக்குள் காலடி வைத்ததும் கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14-ஆம் தேதி விடுதலை பெற்றபின், செல்லம்மாளின் ஊரான கடையத்துக்குப் போனார். அங்கே மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு அவர் வீதியில் நடந்ததைக் கண்டு ஊரார் நகைத்தார்கள் என்று கூறுவார்கள். அந்த நாளில் தம்பதிகள் சேர்ந்து நடப்பதுகூட ஒரு புரட்சி.

இரவு முதுநகரில் தங்கினோம். அஞ்சலையம்மாள் பிறந்த இடம் அது. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் துரைக்குச் சென்னையில் வைத்திருந்த சிலையை அகற்றக் கோரி 1927-இல் நடந்த சத்தியாக்கிரகத்தில், அந்த அம்மாளும் கணவர் முருகப்பாவும் சேர்ந்தே சிறை புகுந்தார்கள். 1937-இல் அம்மையார் சட்டசபை அங்கத்தினரானார். அதே ஆண்டில் சிலையும் வீதியை விட்டு நகர்ந்தது. சுமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்றால் இதுவல்லவா!

மறுநாள் தெற்கு நோக்கி நடந்தோம். வழியில் ஒரு தேநீர்க் கடை ஆச்சி, "பஸ்தான் ஓடுதே, ஏம்மா இப்படி நடக்கிறீங்க? வேண்டுதலா?" என்று விசாரித்தாள். "ஆமாம் ஆச்சி, ஊரைப் பார்க்க வேண்டுதல்" என்று என் மனைவி சொன்னதும், இரண்டு வடையை இலவசமாகக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1-ஆம் தேதி ஹைதர் அலியின் சேனையை சர் அயர் கூட் இங்கே தோற்கடித்தார். யுத்தம் ஒரு நாளில் முடிந்தது. பின்னால் வந்த வியாபாரமோ பல ஆண்டு நீடித்தது. 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பாலை நிறுவினார். சேலத்திலிருந்து தாது வந்தது. அதை உருக்குவதற்கு வேண்டிய கரிக்காகக் காட்டு மரங்கள் விழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை மூடிவிட்டது. அழிந்த மரங்கள் திரும்பி வரவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வெள்ளாற்றைக் கடந்தால்தான் பிச்சாவரத்தின் அருமை விளங்கும். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், உப்பு நீரில் வேரூன்றி நிற்கும் காடு இது. சுரபுன்னை மரங்கள் கிளையிலிருந்து வேர்களை நீருக்குள் இறக்கி, பல கால்களோடு நிற்கின்றன. இந்தக் காட்டையும் பல ஆண்டுக் காலம் முறை வைத்து வெட்டினார்கள். வெட்டிய இடங்களில் மண் அமுங்கிக் குழியாயிற்று, நீர் தேங்கி உப்பு ஏறிற்று, விதை முளைக்கவில்லை. 1990-களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் கிராமத்து மக்களோடு சேர்ந்து, மீன் முள்ளைப் போல் கிளை விடும் கால்வாய்களை வெட்டிக் கடல்நீர் வந்து போகும்படி செய்தார்கள். காடு மீண்டும் தழைத்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை வந்தபோது, மறைப்பின்றிக் கடலைப் பார்த்திருந்த குப்பங்கள் நாசமாயின. காட்டின் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தப்பின. "காடு எங்களை அடைத்துக்கிட்டு நின்னுச்சு அம்மா" என்றார் படகுக்காரப் பெரியவர்.

அவரே ஒரு மரத்தைக் காட்டி, "அதுதான் தில்லை. பால் கண்ணிலே பட்டால் ஆபத்து" என்று எச்சரித்தார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம்! பெயர் கோயிலில் இருக்கிறது. மரம் இந்தக் காட்டில் இருக்கிறது.

நான்காம் நாள் மாலை சிதம்பரத்தின் கோபுரங்கள் தென்பட்டன. இந்த ஊருக்கு நடந்து வந்தவர்களில் எல்லோரையும் விட ஆவலோடு வந்தவர் நந்தனார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கிய அந்த அடியாருடைய கால்கள் ஊர் எல்லையில் நின்றுவிட்டன. உள்ளே போகாமல் அவர் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்று புராணம் கூறுகிறது. பீரங்கிக் குண்டுக்கு எல்லை இல்லாத தேசத்தில் பக்தனின் காலுக்கு எல்லை இருந்தது! சகஜானந்த சுவாமிகள் 1916-இல் அவர் பெயரால் இவ்வூரிலேயே கல்விக் கழகம் கண்டார். 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. எல்லோருடைய காலுக்கும் வழி திறக்க அத்தனை நாள் ஆயிற்று.

நாம் நடந்து பார்க்காத நிலத்தைப் பிறர் தங்கள் அளவுகோலால் அளந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதற்குத் தேவனாம்பட்டினம் சாட்சி. நடந்து, அறிந்து, காத்த நிலம் ஆபத்தில் நம்மைக் காக்கும் என்பதற்குப் பிச்சாவரம் சாட்சி. ஆகவே நேயர்களே, ஆண்டீஸுக்குப் போகிறவர்கள் சௌக்கியமாகப் போய் வாருங்கள். அதற்கு முன்னால், உங்கள் இல்லத்தரசியையும் அழைத்துக்கொண்டு, சொந்தத் தாலுகாவை ஒரு தடவை காலால் அளந்துவிடுங்கள். பையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள மட்டும் மறந்துவிடாதீர்கள்.