லீவரா, பேடிலா?

கெலிஓயாவில் கியர் பொக்ஸ் வேலையையே ஜீவனோபாயமாகக் கொண்டு தலை நரைத்துப்போன என்னிடம், ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் உத்தேசத்தோடு வருகிற வாலிபர்கள், எஞ்சினின் நிலைமை என்ன, அடிச்சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்குமுன், "நானா, மெனுவல் எடுக்கிறதா, பேடில் ஷிப்ட் எடுக்கிறதா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் அது பாதிக் கேள்வி. கியர் லீவர் என்றால் அதன் மறுமுனையில் இருப்பது இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கிளச், சில தண்டுகள், அவற்றில் கோத்த பற்சக்கரங்கள்; பல தசாப்தங்களாக அந்த ஏற்பாட்டின் சாரம் மாறவில்லை. ஸ்டியரிங்கின் பின்னே காது மடல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பேடில்களோ வெறும் மின் சுவிச்சுகள். அவற்றின் கட்டளையை ஏற்று நடத்துவது எந்த ஜாதி யந்திரம் என்பதை அவை வெளியே காட்டிக்கொள்வதில்லை. ஆகவே வந்தவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "எந்தப் பேடில், தம்பி? அதுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்பதே.

நம் பக்கத்தில் ஓடும் கார்களை வைத்தே இதைச் சொல்லிவிடலாம். ஹொண்டாவின் சீஆர்-இசட், 2015இல் வந்த 660 சீசீ எஸ்660 ஆகிய இரண்டும் ஆறு கியர் மெனுவலாகவும் கிடைக்கும், பேடில் வைத்த சீவீடீயாகவும் கிடைக்கும். சீவீடீயில் பற்சக்கரப் படிகள் என்று எதுவுமில்லை. அகன்றும் ஒடுங்கியும் கொடுக்கும் இரண்டு கூம்புச் சக்கர ஜோடிகளுக்கிடையே ஓர் எஃகுப் பட்டி ஓடுகிறது, அவ்வளவே. பேடிலைத் தட்டியதும் திரையில் தோன்றுகிற "மூன்று", "நான்கு" என்னும் இலக்கங்கள், கம்பியூட்டர் நம் திருப்திக்காகக் குறித்துவைத்த நிறுத்தங்களேயன்றி மெய்யான கியர்கள் அல்ல. டொயோட்டா 86இன் பேடிலுக்குப் பின்னால் இருப்பதோ எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டர் கொண்ட சம்பிரதாயமான ஓட்டோ. அதில் படிகள் மெய்யானவை, ஆயுள் நீண்டது, கட்டளைக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையில் மட்டும் ஓர் இமைப்பொழுது தாமதம் உண்டு.

மூன்றாவது ஜாதி, பெராரி 1997இல் எப்355 மூலமாகச் சாலைக்குக் கொண்டுவந்தது. அது உண்மையில் மெனுவல் கியர் பொக்ஸே. கிளச்சை விலக்குவதையும் கியரைத் தள்ளுவதையும் மட்டும் மனிதனின் காலுக்கும் கைக்கும் பதிலாக ஹைட்ரோலிக் கரங்கள் செய்கின்றன. அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தது மக்னெட்டி மரேலி என்னும் இத்தாலியக் கம்பெனி. அதே கம்பெனியின் அதே தத்துவம்தான் 2014இல் இந்தியாவில் மாருதி செலேரியோ என்னும் சாதுவான சிறு காரிலும் வந்து இறங்கியது. பெராரியின் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு செலேரியோவை ஏளனமாகப் பார்க்கும் நண்பர்களுக்கு இந்த உறவுமுறையை எடுத்துச் சொல்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. நான்காவது, இரட்டைக் கிளச். ஒற்றை எண் கியர்கள் ஒரு தண்டிலும் இரட்டை எண் கியர்கள் மற்றொன்றிலுமாக, ஒரு கிளச் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த கியர் மறு தண்டில் கோக்கப்பட்டு ஆயத்தமாக நிற்கும். மிட்சுபிஷி லான்ஸர் எவோ 10இல் வந்தது இதுவே. இந்த நான்கும் நான்கு வெவ்வேறு குணம் படைத்த யந்திரங்களாக இருக்க, பேடில் என்ற ஒரே பெயரால் அவற்றை அழைத்து மெனுவலோடு ஒப்பிட்டுப் பட்டிமன்றம் நடத்துவதில் பிரயோசனம் என்ன?

பேடிலின் ஜனன வரலாறும் பலர் நினைப்பதற்கு மாறானது. 1989 மார்ச் மாதத்தில் பிரேசில் கிராண்ட் பிரீ பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டிய பெராரி 640தான் பேடிலோடு முதன்முதலாக பார்முலா ஒன்றில் வென்ற கார். அதை வடிவமைத்த ஜோன் பார்னார்டின் மனத்தில் வேகமாகக் கியர் மாற்றவேண்டும் என்ற எண்ணத்தோடு கூடவே, லீவரையும் அதன் இணைப்புக் கம்பிகளையும் ஒழித்துவிட்டால் சாரதி அமரும் கூட்டை ஒடுக்கமாக்கிக் காற்றைக் கிழிக்கலாமே என்ற கணக்கும் பலமாக இருந்தது. அந்தக் கியர் பொக்ஸ் பந்தயம் முடியும்வரை தாங்கும் என்று பெராரிக் குழுவினரே நம்பவில்லை. மான்செல் முன்கூட்டியே ஊர் திரும்பும் விமானத்தில் இடம் பதிவு செய்திருந்தாராம். வேகம் என்னும் புகழ் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இனி நம் சாலைக்கு வருவோம். கெலிஓயாவிலிருந்து கம்பளை வரைக்கும் மகாவலியை அண்டிப் போகும் பாதையில் எந்தக் காரும் நல்ல கார்தான்; சோதனை அதற்கு மேலே இருக்கிறது. கம்பளை தாண்டிப் புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா போகும்போது, 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் அவ்வூருக்கு, அதில் ஏறத்தாழக் கால் பங்கு உயரத்திலிருந்து ஏறுகிறோம். றம்பொடைக்கு மேலே தேயிலை மலையின் முகத்தில் சாலை மடிந்து மடிந்து ஏறும் இடத்தில்தான், "இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருக்கும்" என்று பேடிலுக்குச் சொல்லப்படும் பெரிய சிறப்பு பரீட்சைக்கு உள்ளாகிறது. எஸ்660இலும் 86இலும் பேடில்கள் ஸ்டியரிங் வளையத்தோடு சேர்ந்து சுழல்பவை. கொண்டை ஊசி வளைவொன்றில் வளையத்தை அரைச் சுற்றுக்கு மேல் திருப்பிவிட்ட பின்னர், கியரைக் குறைக்கும் இடப் பேடில் வலப் பக்கத்தில் தலைகீழாய் நிற்கிறது. அந்த நேரத்தில் கியர் குறைக்கவேண்டிய அவசரம் வந்தால் விரல்கள் காற்றைத் துழாவும். பெராரியிலும் எவோ 10இலும் பேடில்கள் வளையத்தோடு சுழலாமல் தூணிலேயே நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் இத்தொல்லை இல்லை. எவ்வளவு திருப்பினாலும் இடம் இடமே. இந்தப் பேதத்தை விற்பனைக்காரர் எவரும் சொல்வதில்லை. வாங்கப்போகும் காரில் ஏறி, நிறுத்திய நிலையிலேயே வளையத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கமே எனக்கு முக்கியம். தேயிலைத் தோட்டத்து லொறிகளில் கியர்களை அரைவின்றிக் கோக்க உதவும் சின்க்ரோமெஷ் வளையங்கள் தேய்ந்த கியர் பொக்ஸுகளை வைத்துக்கொண்டு, இரண்டு முறை கிளச் மிதித்து, இடையில் எக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கியர் குறைத்த பழைய சாரதிகள், ஏறின கியரிலேயே இறங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்; பிரேக்கைக் காய்ச்சிக் குடிக்காதே என்பதும் அவர்கள் வாக்கே. மெனுவல் ஓட்டுகிறவன் இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே காரைப் பிடித்து வைத்திருக்கும். அதில் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. டோர்க் கொன்வேர்ட்டர் ஓட்டோவும் இரட்டைக் கிளச்சும் பேடிலால் ஏறக்குறைய அதே சேவையைச் செய்கின்றன. சீவீடீயும் ஓரளவு செய்யும். ஆனால் சீஆர்-இசட் போன்ற ஹைபிரிட்டுகளில் ஒரு நுட்பம் உண்டு: இறக்கத்தின் ஆரம்பத்தில் காரைப் பிடிப்பதில் மின் மோட்டாருக்கும் பங்கு இருக்கிறது; அந்தச் சிறிய பற்றறி லபுக்கலையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள் நிரம்பிவிட்டால் அந்தப் பங்கு விலகிக்கொள்ளும், கால் பிரேக்கின் மீது பாரம் கூடும். இதை அறிந்தவன் முன்கூட்டியே பேடிலைத் தட்டி எஞ்சினை வேலைக்கு அழைப்பான். அறியாதவன் புசல்லாவைக்கு வரும்போது பிரேக் வாடையோடு வருவான்.

பேடிலுக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்லவேண்டும். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு இழுப்பதாக எண்ணிக்கொண்டு முதலாவதில் தள்ளி எஞ்சினின் வால்வுகளை வளைத்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் மெனுவல்காரர்கள். பேடில் காரிலோ, தாங்கமுடியாத சுழற்சிக்கு இட்டுச் செல்லும் கட்டளையைக் கம்பியூட்டர் மரியாதையாக நிராகரித்துவிடும். பந்தயம் என்று வந்தால் வாதத்துக்கே இடமில்லை. நுவரெலியாவின் ஏப்ரல் பருவத்தில், 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தில் நேரம் நொடியின் பின்னங்களில் கணக்கிடப்படுகிறது. கை எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் லீவரை இழுக்கும் அந்தக் கால் நொடியோ அரை நொடியோ கார் சக்தியற்றுக் கிடக்கிறது, மேடு என்பதால் அதற்குள் வேகமும் விழுந்துவிடுகிறது. இரட்டைக் கிளச்சில் அந்த வெற்றிடம் இல்லை. நம் நாட்டுத் திலந்த மாலகமுவ ஆசியப் பந்தயங்களில் ஓட்டிய லம்போகினிகளில் லீவரைத் தேடுவார் யார்?

ஆனால் பந்தயக் கார் இரவில் லொறியில் ஏறி வீடு போகும். நம் வாலிபனின் கார் அந்தி நேரத்தில் பேராதனைச் சாலையில் பஸ்ஸின் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து, கண்டிக்கும் கெலிஓயாவுக்கும் நடுவே தன் ஜீவிய காலத்தின் பெரும் பகுதியைக் கழிக்கும். ஊர்தல் என்பது கிளச்சைப் பாதி கவ்வவைத்து உரசவிடுவதே. டோர்க் கொன்வேர்ட்டர் இதைப் பொருட்படுத்தாது. எண்ணெயில் மூழ்கிய இரட்டைக் கிளச் பொறுத்துக்கொள்ளும். உலர்ந்த கிளச் வைத்தது எதுவானாலும், ஒற்றையோ இரட்டையோ, மேட்டில் ஊர்ந்தால் சூடேறும். மெனுவலிலும் அப்படியே, ஆயினும் அங்கே கருகும் வாடை வந்ததும் காலை எடுத்து, கை பிரேக்கைப் போட்டு நிற்கும் விவேகம் சாரதிக்கு வந்துவிடுகிறது. ஆகையால் பேடில் கார் பார்க்கப் போகிறவர்களை, தட்டையான இடத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடையாமல், நல்ல மேடு ஒன்றில் ஊரவிட்டு, நிறுத்தி, மறுபடி ஊரவிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கிளச் கவ்வும் தருணத்தில் ஆசனத்தின் அடியில் ஒரு சிறு உதறல் தெரிந்தால் பேரம் பேசுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மலைநாட்டு மெனுவலின் வியாதி வேறு. இங்கே வளைவுகள் எல்லாம் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கவைப்பவை. ஆகவே முதலில் கெடுவது இரண்டாவது கியரின் சின்க்ரோ வளையம். காலைக் குளிரில், எண்ணெய் தடித்திருக்கும்போது, இரண்டாவதில் போடும் கையில் ஓர் அரைவு தெரிந்தால் அதுவே அறிகுறி. பிரித்து எடுத்தால், புதிய வளையத்தின் உட்புறத்தில் நகத்தில் தட்டுப்படும்படி கூராக இருக்கவேண்டிய மெல்லிய வரிகள் தேய்ந்து, பித்தளை பளபளவென்று கண்ணாடியாகியிருக்கும்; அந்த வளையத்தைக் கூம்பின்மேல் வைத்து அழுத்தித் திருப்பினால், பிடித்து நிற்கவேண்டியது வழுகிக்கொண்டு சுற்றும். பக்கத்திலுள்ள பற்களின் முனை உருண்டுபோயிருக்கிறதா என்பதையும் விரல் நுனியாலேயே தெரிந்துகொள்ளலாம். இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் பொறுமையும். வளையம் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் அநேகமாகக் கிடைக்கும். கிளச் தட்டுக்குப் புதுப் பட்டை ஒட்டித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். இரட்டைக் கிளச்சின் மின் மூளை கெட்டாலோ, கம்பியூட்டரை மாட்டி அது சொல்லும் இலக்கத்தைப் படித்து, ஜப்பானிலிருந்து சாமான் வரும்வரை காரைத் துணி போட்டு மூடிவைப்பதைத் தவிர எனக்கு வேறு உபாயம் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, ஐந்து வருஷத்துக்கு அருகில் புதிய வண்டியே வராமலிருந்த காலத்தில், உள்ள காரைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தபோது, இந்தப் பேதம் எத்தகையது என்பதை நாடே உணர்ந்தது.

மெனுவலைப் பற்றி ஆத்ம சம்பந்தம், காரோடு சம்பாஷணை என்றெல்லாம் உருகுகிறவர்களின் கட்சியில் நான் இல்லை. கிளச் மிதித்து முழங்கால் நொந்தவனிடம் அந்தச் சம்பாஷணையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஆயினும் அந்த உருக்கத்துக்குச் சந்தையில் ஒரு விலை இருக்கிறது என்பது மெய். போர்ஷே கம்பெனி 2013இல் தன் 911 ஜீடீ3யை இரட்டைக் கிளச்சில் மட்டுமே விற்கத் துணிந்தது, முறுமுறுப்பு ஓயவில்லை, 2016இல் மெனுவலில் மட்டும் கிடைக்கும் 911 ஆர் என்பதை 991 கார்கள் செய்து விற்று, மறு வருஷமே ஜீடீ3யிலும் மெனுவலைத் திரும்பச் சேர்த்தது. மெதுவான யந்திரத்தை வேண்டிக் கேட்டு வாங்கியவர்கள் அறிவீனர்கள் அல்லர். அவர்கள் வாங்கியது வேகத்தை அல்ல, வேலையை.

ஆகவே கெலிஓயா வாலிபனுக்கு என் சொல் இதுதான். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையே தினசரிக் காராகவும் வைத்துக்கொண்டு, மலையேறி இறங்கி, பத்து வருஷம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் மெனுவல் எடு. முழங்காலோ வீட்டாரோ ஒத்துக்கொள்ளாவிட்டால் 86 போன்ற டோர்க் கொன்வேர்ட்டர் பேடிலை எடு. இரட்டைக் கிளச்சை, அதன் எண்ணெய் மாற்றிய சரித்திரம் கையில் இல்லாமல் தொடாதே. சீவீடீயை ஸ்போர்ட்ஸ் கார் என்று நினைத்து வாங்காதே. சிக்கனமான அழகிய கார் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் வராது. ஜப்பான் ஏலத் தாளில் கியர்க் கட்டத்தைப் பார்க்க மறக்காதே: எப்6 என்றிருந்தால் தரையிலிருந்து எழும் லீவரோடு கூடிய ஆறு கியர் மெனுவல்.

2025 பெப்ரவரியில் இறக்குமதிக் கதவு திறந்த பின்னர், இந்தக் கேள்விக்குப் புதியதொரு கிளை முளைத்திருக்கிறது. சில மின் கார்களிலும் பேடில்கள் வருகின்றன. அவற்றின் பின்னால் மாற்றுவதற்குக் கியர்களே கிடையாது. ஹியுண்டாய் அயோனிக் 5 காரில் அவை, காலை எடுத்ததும் மோட்டார் எவ்வளவு பலமாகக் காரைப் பிடித்து மின்சாரத்தைப் பற்றறிக்குத் திருப்பவேண்டும் என்பதைக் கூட்டிக் குறைப்பவை. அதன் "என்" (N) ரகமோ இல்லாத கியரை மாற்றுவதாக உதறியும் உறுமியும் நடித்துக் காட்டுகிறது. நடிப்பை விட்டுவிடுவோம். முதலாவது பிரயோகம் நம் சாலைகளுக்காகவே கண்டுபிடித்ததுபோல் அவ்வளவு பொருத்தமானது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பற்றறியில் இடம் இருக்கவேண்டும். ஆகவே மின் காரில் நுவரெலியா போகிறவர்கள் அங்கே இரவு தங்கினால் முழுக்கச் சார்ஜ் ஏற்றவேண்டாம். எண்பது வீதத்தில் நிறுத்திக்கொண்டால், மீதியில் ஒரு பகுதியைக் கம்பளைக்கு வந்து சேருமுன் மலையே நிரப்பிக் கொடுத்துவிடும்.