விடரும் கயிறும்

எங்கள் இலக்கிய வட்டத்தின் உலாக்கள் பெரும்பாலும் கல்வெட்டு, குடைவரை, பிற்பகல் சோற்றுப் பொட்டலம் என்று முடிந்துவிடும். சென்ற மாசியில் மட்டும் கயிறு ஒன்று இடையில் புகுந்தது.

அரிசோனாவில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய நண்பர்தாம் அதற்குக் காரணம். பாலைவனத்து மணற்பாறையை வெள்ளம் அறுத்து உண்டாக்கிய ஒடுங்கிய பள்ளங்களில், கயிற்றைப் பற்றி இறங்கி நாள் முழுதும் நடப்பார்களாம். அங்கே வானம் தெளிவாயிருப்பதை நம்பக்கூடாது என்றார். 1997 ஆகஸ்டு 12 அன்று ஆண்டிலோப் பள்ளத்தாக்கில், தொலைவில் எங்கோ பெய்த மழையின் வெள்ளம் பாய்ந்து பதினொருவர் மாண்டனர்.

"இதற்குத் தமிழில் என்ன சொல்?" என்று கேட்டோம். "விடர்" என்றார் எங்கள் தமிழாசிரியர் ஐயா, சற்றும் தயங்காமல். பணி ஓய்வு பெற்றவர். மலைபடுகடாத்தை மடைதிறந்தாற்போல் சொல்லக்கூடியவர். தேன் எடுப்போர் மலைமேல் ஏறச் சார்த்திய கண்ணேணிக்கு 'மால்பு' என்ற சொல் அந்நூலில் உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். பிறகென்ன, அவரும் வருவதாக முடிவாயிற்று.

செங்கல்பட்டுப் பக்கத்தில் மணற்பாறைப் பள்ளத்துக்கு எங்கே போவது? இங்குள்ளது கடினப் பாறை. நீர் அதை ஆழமாக அறுப்பதில்லை, வெயிலும் மழையும் மேல்தோலை உரித்து உருட்டி வைக்கின்றன. எனவே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றின் செங்குத்துச் சுவரை, ஏறத்தாழ 60 அடி, பயிற்சியாளர் தேர்ந்திருந்தார். வழியில் வல்லம் குடைவரையைப் பார்த்தோம். மகேந்திரவர்மனின் அடியானான வயந்தப்பிரி அரசர் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் அது. சிறியதுதான், எங்களுக்கு மிகவும் பிடித்தது.

குவாரியில் இடுப்புப் பட்டை, தலைக்கவசம், எட்டு வடிவ வளையம் எல்லாம் அணிவித்தார்கள். கயிறு வளையத்துக்குள் வளைந்து செல்வதால் ஏற்படும் உராய்வே இறங்குபவரைத் தாங்குகிறது. கீழே ஒருவர் கயிற்றின் நுனியைப் பிடித்திருப்பார். அவர் இழுத்து இறுக்கினால் மேலே இறங்குபவர் நின்றுவிடுவார். தளர்ந்த துணி எதுவும் கூடாது என்று பயிற்சியாளர் இருமுறை சொன்னார். ஐயா ஜிப்பாவைக் கழற்றி மடித்து வைக்கப்போனார். "இருக்கட்டும் ஐயா, இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், படத்தில் நன்றாயிருக்கும்" என்று தடுத்தவர்கள் நாங்கள்.

பாதி தூரம் வரை அழகாகத்தான் இறங்கினார். அதற்குள் செருகிய துணி வெளியே வந்து, கயிற்றோடு வளையத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. மேலும் இல்லை, கீழும் இல்லை. கீழே நுனியைப் பிடித்திருந்த அரிசோனா நண்பர் உடல் பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்து நின்றார். எங்களில் ஒருவர் கத்தியை அனுப்பலாமா என்று கூவினோம். "கத்தி வேண்டாம்!" என்று மேலிருந்து பதில் வந்தது. பாரம் தாங்கும் கயிற்றருகே கத்தி பட்டால் என்னாகும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பயிற்சியாளர் இரண்டாவது கயிற்றில் இறங்கினார். நாடா ஒன்றைக் கண்ணியாக்கித் தம் கயிற்றில் மாட்டி, அதில் ஐயாவைக் காலூன்றி எழச் சொன்னார். எடை காலுக்கு மாறியதும் வளையம் தளர்ந்தது; துணியை விரலால் உருவினார். பத்து நிமிடம் ஆகியிருக்கலாம். ஐயா தரையில் கால் வைத்தபோது எங்களில் எவருக்கும் பேச்சு வரவில்லை. எடுத்த படங்களை யாரும் பார்க்கவும் இல்லை.

"பயந்துவிட்டீர்களா ஐயா?"

"காலை வைக்க ஓரிடம் தேடினேன், தம்பி. வேறெதுவும் நினைவில்லை."

பிற்பகலில் மாமல்லபுரம். அர்ச்சுனன் தவமா பகீரதன் தவமா என்ற பழைய வழக்கை அன்று யாரும் எடுக்கவில்லை. பாறையின் இயற்கையான பிளவையே ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்ட சிற்பி, விடர் ஒன்றைக் கண்டுதான் தொடங்கியிருக்கிறான். ஐயா அங்கே அதிகம் நிற்கவில்லை. ஐந்து ரதங்களில் வீம ரதத்தின் முன்னேதான் வெகுநேரம் நின்றார். மேற்கூரை முழுமை பெற்றிருக்க, அடிப்பகுதி செதுக்கப்படாமலே கிடக்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்ததற்கு அதுவே சான்று என்பதைப் பலமுறை படித்திருக்கிறோம்.

"பாருங்கள், உச்சியைச் செதுக்கும்போது கீழே வெட்டாத கல் இருக்கிறது. அதன்மேல் நின்றே வேலை செய்திருக்கலாம். தொங்கவேண்டிய தேவையே இல்லை" என்றார் ஐயா. பிறகு ஜிப்பாவின் கிழிசலைத் தூக்கிப் பார்த்து, "வீட்டில் இதற்கு என்ன சொல்வது?" என்று எங்களைக் கேட்டார்.

முள்வேலி என்று சொல்லலாம் என்றோம். அவர் ஒப்பவில்லை.